வீடு தேடிப் போவதுதான் எங்கள் வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, கோயில் வாசலில் நின்ற ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டார். முகம் தெரியும், பேசியதில்லை. "தம்பி, வர்ற சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? ஒரு வீட்டுக்குப் போகணும், கூட ஒரு ஆள் வேணும்" என்றார். மூட்டை ஏதாவது தூக்கத்தான் ஆள் தேடுகிறார் என்று நினைத்துச் சரி என்றேன். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் அவர் கையில் ஒன்றுமே இல்லை. ஒற்றை அறை வீடு. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவர், பக்கத்தில் அவர் மனைவி. பெரியவர் ஒரு ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்தான், முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. படுத்திருந்தவர் தான் அச்சகத்தில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி வார்த்தை குழறக் குழறச் சொல்லிக்கொண்டே இருந்தார், இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது மட்டும் அந்த அம்மாவிடம் மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் கேட்டேன், "நாம ஒண்ணுமே கொடுக்கலையே?"

"இன்னிக்குக் கேட்டுட்டு வந்திருக்கோம். செவ்வாய்க்கிழமை கூட்டத்துல பேசுவோம். அப்புறம் மருந்தோட வருவோம்" என்றார்.

இப்படித்தான், ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்த்து உதவும் கத்தோலிக்க அமைப்பான புனித வின்சென்ட் தே பவுல் சபைக்குள் வந்தேன். 16 ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் ஆறு ஆண்டுகள் எங்கள் கிளைச் சபையின் தலைவராகவும் இருந்தேன், இப்போது மறுபடி சாதாரண உறுப்பினர். தங்கள் பங்கிலும், அதாவது தங்கள் கோயில் வட்டாரத்திலும், இப்படி ஒன்று தொடங்க வேண்டும், அல்லது இருக்கிற சபை ஆளில்லாமல் தூங்கிக் கிடக்கிறது, என்ன செய்யலாம் என்று கொஞ்ச நாட்களாகச் சிலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, நாங்கள் செய்ததையும் தவறியதையும் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

சபையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. 1830களின் பாரிஸ். 1832இல் வந்த காலரா ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றிருந்த நேரம். ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற சட்டக் கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்களும் ஒரு விவாத மன்றம் நடத்திவந்தார்கள். திருச்சபை உலகத்துக்குச் செய்த நன்மைகளைப் பற்றி அவர்கள் அங்கே பேசுவார்கள். எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர், அதெல்லாம் பழைய கதை, இன்றைக்கு ஏழைகளுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி ஓசானாமுக்கு உறைத்தது. அவரும் ஒரு நண்பரும் தங்களிடம் மிச்சமிருந்த விறகைத் தூக்கிக்கொண்டு ஓர் ஏழை வீட்டுக்குப் போனார்கள் என்று சபையில் வழிவழியாகச் சொல்வார்கள். 1833 ஏப்ரல் 23, ஓசானாமின் இருபதாவது பிறந்தநாள், அன்றுதான் முதல் கூட்டம். எம்மானுவேல் பாயி என்ற பத்திரிகை ஆசிரியரின் அலுவலகத்தில் கூடினார்கள். அவரையும் சேர்த்து ஏழே பேர்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதற்கு அப்புறம் வருவது. அந்த மாணவர்களுக்கு ஏழைகளை எங்கே தேடுவது, வீட்டுக்குள் போனால் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாது. முஃப்தார் பகுதியில் வருடக்கணக்காக ஏழைகளோடு வேலை செய்துவந்த ரோசலி ரெந்து என்ற அருட்சகோதரியிடம் போய் நின்றார்கள். அவர் குடும்பங்களின் பெயர்களைக் கொடுத்தார், ரொட்டிக்கும் கரிக்கும் மாற்றிக்கொள்ளும் சீட்டுகளைக் கொடுத்தார், ஏழை வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்தார். படித்த பையன்கள், தெரியாததைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்டார்கள். இன்று 150 நாடுகளில் சுமார் எட்டு லட்சம் உறுப்பினர்கள் இருக்கும் சபை அப்படித் தொடங்கியது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதையேதான்: உங்கள் பகுதியில் ஏற்கெனவே வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் இருப்பார். ஓர் அருட்சகோதரி, ஒரு நர்ஸ், ஓர் ஆசிரியை, யாராவது. பலகை எழுதி மாட்டுவதற்கு முன்னால் அவரைத் தேடிப் போங்கள்.

எங்கள் கூட்டம் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம். தொடக்க செபம், ஒரு சின்ன ஆன்மீக வாசகம், போன வாரக் குறிப்பு, அப்புறம் வீடு சந்தித்தவர்களின் அறிக்கை, பொருளாளரின் கணக்கு, இந்த வாரம் யார் எந்த வீட்டுக்கு என்ற பிரிப்பு, முடிவு செபம். இதில் இரகசியப் பை என்று ஒன்று உண்டு. துணிப் பை ஒன்று கை மாறிச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டுத் தன்னால் முடிந்ததைப் போடுவார். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது, ஒன்றும் போடாமல் வெறும் கையை விட்டு எடுத்தவரையும் யாருக்கும் தெரியாது. எங்களோடு ஒரு காவலாளி இருந்தார், ஒரு கம்பெனி மேலாளரும் இருந்தார், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் அந்தப் பையை வாங்கிக் கொடுப்பார்கள். மாதச் சந்தா என்று ஒரு தொகையை நிர்ணயித்துவிடலாமே, வசூல் எளிதாகுமே என்று ஒருமுறை பேச்சு வந்தது. அப்போது சபையின் மூத்தவர் ஒருவர், "சந்தா வச்சா கட்ட முடியாதவன் கூட்டத்துக்கு வர்றதை நிறுத்திருவான், வேற காரணம் சொல்லி நிறுத்திருவான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி தவறுகளுக்கு வருகிறேன். முதலாவது என்னுடையது.

தலைவரான முதல் வருடம், பெரிதாக ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற வேகம் எனக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, கோயில் வளாகத்தில் மேடை போட்டு, 120 குடும்பங்களுக்குப் புதுத் துணியும் மளிகைப் பொருட்களும் கொடுக்க ஏற்பாடு செய்தேன். நன்கொடை கொடுத்தவர்களை மேடையில் உட்கார வைத்தேன். ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பையைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்தோம். நன்றாக நடந்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வாரம் நாங்கள் வழக்கமாகச் சந்திக்கும் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் இறந்து மூன்று பெண் பிள்ளைகளோடு இருப்பவர். எப்போதும் வாசலுக்கு வந்து கூப்பிடுகிறவர், அன்று உள்ளேயே இருந்தார். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார், "அண்ணா, பெரியவளோட படிக்கிற பிள்ளைங்க அங்க நின்னு பார்த்துட்டு இருந்துச்சு. அவ அந்தத் துணியைப் போடமாட்டேன்னுட்டா."

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அன்றிலிருந்து மேடை இல்லை, போட்டோ இல்லை, பெயர் வாசிப்பு இல்லை. கிறிஸ்துமஸ் பொருட்கள் அந்தந்த வீட்டுக்கு, வழக்கமாகப் போகும் இரண்டு பேர் கையில், வழக்கமான நேரத்தில் போகும். நன்கொடையாளர்களில் இரண்டு பேர், எங்கள் பணம் போய்ச் சேர்ந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். கணக்குப் புத்தகத்தையும் கடை ரசீதுகளையும் காட்டினோம். ஒருவர் ஏற்றுக்கொண்டார், இன்னொருவர் கொடுப்பதை நிறுத்திவிட்டார். அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டோம்.

120 குடும்பம் என்ற எண்ணிக்கையிலும் ஒரு கோளாறு இருந்தது. எங்கள் சபை யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்தப் புனித வின்சென்ட் தே பவுலின் வாழ்க்கையில் 1617இல் நடந்த ஒரு சம்பவத்தைப் பின்னால் படித்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது. பிரான்சில் ஷாத்தியோன் என்ற ஊரில் அவர் பங்குத்தந்தையாக இருந்தார். ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லோருமே நோயில் விழுந்துவிட்டார்கள், கவனிக்க ஆளில்லை என்று ஞாயிறு மறையுரையில் சொன்னார். பிற்பகலில் அவர் அங்கே போனபோது, வழியெல்லாம் ஜனங்கள் அந்த வீட்டுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவையும் அந்தக் குடும்பம் ஒரே நாளில் என்ன செய்யும்? பாதி கெட்டுப்போகும், அடுத்த வாரம் மறுபடி பட்டினி. மக்களிடம் இரக்கம் இருக்கிறது, ஒழுங்கு இல்லை என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார். சில நாட்களிலேயே அந்த ஊர்ப் பெண்களைச் சேர்த்து, முறை வைத்து நோயாளிகளைக் கவனிக்கும் ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். நாங்களும் ஒரு நாளைக்கு 120 வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மறுவாரம் 14 வீட்டுக்குத்தான் போனோம். மீதி 106 வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன கஷ்டம் என்று எங்களுக்குத் தெரியாது. இப்போது எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. ஒரு ஜோடி உறுப்பினர்களுக்கு இரண்டு குடும்பம், அதிகம் போனால் மூன்று. ஆள் கூடினால்தான் குடும்பம் கூடும்.

வீடு சந்திப்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபையின் உயிரே அதில்தான் இருக்கிறது. எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். ஒருவர் கவனிக்காததை இன்னொருவர் கவனிப்பார், நாளைக்கு ஒரு பேச்சு வந்தாலும் இரண்டு பேர் சாட்சி, குழந்தைகள் தனியாக இருக்கும் வீடு என்றால் இது இன்னும் முக்கியம். அப்படிப்பட்ட வீட்டில் பெரியவர்கள் வரும்வரை வாசலிலேயே நிற்பது எங்கள் வழக்கம். போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போங்கள், திடீரென்று போய் நின்றால் சோதனை போட வந்தது போல ஆகிவிடும். விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழையாதீர்கள். முதல் சந்திப்பில் நான் எதையுமே எழுதுவதில்லை, மருந்துப் பெயர் போன்றவற்றைத் தவிர. மற்றவற்றை வெளியே வந்து, தெருமுனையில் நின்று, இரண்டு பேரும் பேசி எழுதிக்கொள்வோம். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். குடிக்க ஏதாவது கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள், அவர்களுக்கு ஏன் செலவு என்று மறுக்காதீர்கள். அவர்கள் நமக்குக் கொடுக்கும் ஒரே விஷயத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் நாம் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்குகிறவர்கள், அவ்வளவுதான் உறவு என்று ஆகிவிடும்.

அந்த வீட்டில் வைத்து எதையும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இது கடினம், நேருக்கு நேர் கஷ்டத்தைப் பார்க்கும்போது நாக்கு நுனி வரை வரும். நான் ஒருமுறை பள்ளிக் கட்டணத்தைக் கட்டிவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன், அந்த மாதம் சபையில் அதற்குப் பணம் இல்லை, கடைசியில் நான்கு உறுப்பினர்கள் கடன் வாங்கிக் கட்டினார்கள். "சபையில் பேசிட்டு வர்ற சனிக்கிழமை சொல்றேன்" என்ற ஒரு வாக்கியத்தைப் புதியவர்களுக்கு மனப்பாடமாகவே சொல்லித் தருகிறோம். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தச் சனிக்கிழமை போயே ஆக வேண்டும், முடியாது என்று சொல்வதற்காக இருந்தாலும். உதவி மறுக்கப்பட்டதற்காக எங்கள் மேல் கோபப்பட்ட குடும்பங்களைவிட, வருகிறேன் என்று சொல்லி வராததற்காக மனம் உடைந்த குடும்பங்கள்தான் அதிகம்.

என்ன தேவை என்பதை நாமே முடிவு செய்துவிடுவது இன்னொரு தவறு. கைக்குழந்தையோடு தனியாக இருந்த ஒரு பெண்ணுக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். நல்ல யோசனை என்று கூட்டத்தில் எல்லோருமே சொன்னோம். மூன்று மாதம் கழித்தும் அது துணி போட்டு மூடியபடியே இருந்தது. அப்போதுதான் எங்கள் சபையிலுள்ள ஓர் அக்கா அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்டார். அவருக்குத் தையல் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. முன்பு கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர், அந்த இடத்தில் இப்போதும் கூப்பிடுகிறார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் போகவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பாட்டி பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார், ஆறு மாதம் அவருக்கான தொகையைச் சபை கொடுத்தது. மெஷினின் விலையில் பாதிகூட ஆகவில்லை. ஏழாவது மாதம் அந்தப் பெண், இனி நானே கொடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். இந்தக் கேள்வியை முதல் வாரமே கேட்டிருக்கலாம். அன்று கூட்டத்தில் இருந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை எங்கள் பழக்கம் இதுதான். முடிந்தவரை நேரடியாகக் கட்டுவோம், பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளியில், மருந்து என்றால் மருந்துக் கடையில், வாடகை என்றால் வீட்டு உரிமையாளரிடம், ஆனால் இதையும் அந்தக் குடும்பத்திடம் கேட்டுவிட்டுத்தான் செய்வோம், ஏனென்றால் இன்னொருவர் வந்து வாடகை கட்டுவது வீட்டு உரிமையாளருக்குத் தெரியவே கூடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அவர்கள் கையிலேயே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வோம். அவசரத்துக்காக, கூட்டம் கூடும்வரை காத்திருக்காமல் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கொடுக்கக்கூடிய ஒரு சின்னத் தொகைக்கு வரம்பு வைத்திருக்கிறோம், அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும். உறுப்பினர்கள் தனிப்பட்ட முறையில் கடன் கொடுப்பதைத் தடுத்தோம். நல்ல மனதோடுதான் கொடுப்பார்கள், ஆனால் கடன் வாங்கியவர் அடுத்த வாரம் நம்மைப் பார்த்தால் ஒளிந்துகொள்வார், அதோடு அந்த வீட்டுக்கு நாம் போக முடியாது. அப்புறம், சேர்த்து வைப்பதற்கு இது வங்கி இல்லை. ஏழைகளுக்காக வந்த பணத்தைக் குவித்து வைக்கக் கூடாது என்பது சபையின் ஒழுங்கிலேயே இருப்பதுதான். எங்களிடம் ஒருமுறை இருப்பு நிறையச் சேர்ந்தபோது, எங்களைவிடச் சிரமமான பகுதியிலுள்ள ஒரு கிளைச் சபைக்கு மாதாமாதம் அனுப்ப ஆரம்பித்தோம். ஒரு சபை இன்னொரு சபையை இப்படி இரட்டைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. கடிதப் போக்குவரத்தும் செபமும் அதோடு சேர்ந்ததுதான், வெறும் பணம் அனுப்புவதில்லை.

கத்தோலிக்கர்களுக்கு மட்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இல்லை. நாங்கள் இப்போது சந்திக்கும் குடும்பங்களில் பாதிக்கும் மேல் கோயிலுக்கு வராதவர்கள், வேறு மதத்தவர்கள். மதம், இனம், கட்சி எதையும் பார்க்காமல் உதவ வேண்டும் என்பதுதான் சபை ஒழுங்கு. அவர்களாகக் கேட்டால் ஒழிய நாங்கள் அந்த வீடுகளில் செபம் சொல்வதும் இல்லை, கோயிலுக்குக் கூப்பிடுவதும் இல்லை. சிலர் கேட்பார்கள். அப்போது சொல்வோம்.

உறுப்பினர் சேர்ப்பு. இதில்தான் நாங்கள் பல வருடம் வீணாக அலைந்தோம். ஒரு மாதம் முழுக்க கோயில் வாசலில் மேசை போட்டு, ஒலிபெருக்கியில் அறிவித்து, 38 பேரின் பெயரை எழுதி வாங்கினோம். முதல் கூட்டத்துக்கு 21 பேர் வந்தார்கள், நாற்காலி போதவில்லை, எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மூன்றாவது மாதம் நான்கு பேர். போனவர்களில் ஏழெட்டுப் பேரை நேரில் பார்த்துக் கேட்டேன். குறை என்று யாரும் சொல்லவில்லை, நேரமில்லை என்றார்கள். ஓர் இளைஞர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார்: "சார், நான் வந்து ஏழு வாரம் உட்கார்ந்து கணக்கு வாசிக்கிறதைக் கேட்டேன். என்னை எந்த வீட்டுக்கும் யாரும் கூட்டிட்டுப் போகலை."

புதியவர்கள் பக்குவப்படட்டும், பிறகு வீடு சந்திப்புக்கு அனுப்பலாம் என்று நாங்கள் வைத்திருந்தோம். தலைகீழாக மாற்றினோம். என்னை அந்தப் பெரியவர் எப்படிச் சேர்த்தாரோ அதே முறைதான், முதலில் வீடு, அப்புறம் கூட்டம். பொது அறிவிப்பு கிடையாது. ஒவ்வொரு உறுப்பினரும் வருடத்துக்கு ஒருவரை, தனக்குத் தெரிந்த ஒருவரை, ஒரே ஒரு சனிக்கிழமை கூட வரச் சொல்லிக் கேட்க வேண்டும். உறுப்பினராகச் சேருங்கள் என்று கேட்பதில்லை, இந்த வீட்டுக்கு என்னோடு வாருங்கள் என்று கேட்கிறோம். மூன்று மாதம் வரட்டும், பிடித்திருந்தால் சேரட்டும். சேரும்போது திருப்பலியில் எல்லோர் முன்னிலையிலும் வாக்குறுதி எடுக்க வைக்கிறோம். இப்படிக் கடந்த ஐந்து ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் 13 பேர், அதில் 11 பேர் இன்னும் இருக்கிறார்கள். 38 பெயர்கள் எழுதிய அந்த நோட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை.

வருகிறவரின் கையில் என்ன திறமை இருக்கிறது என்று பார்த்து அந்த வேலையைக் கொடுத்தால் நிலைத்து நிற்பார். ஓய்வுபெற்ற வருவாய்த் துறை எழுத்தர் ஒருவர் வந்தார், ஒரு வருடத்தில் ஒன்பது முதியோருக்கு அரசு ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்துவிட்டார், எங்கள் இரகசியப் பையால் பத்து வருடத்திலும் முடியாத காரியம். ஒவ்வொரு வாரமும் வர முடியாதவர்களை விட்டுவிடாதீர்கள். துணை உறுப்பினர் என்ற ஏற்பாடு சபையிலேயே இருக்கிறது, செபத்தாலும் பொருளாலும் உழைப்பாலும் கூட நிற்பவர்கள். இரவு ஷிஃப்ட் முடித்து ஒரு தம்பி மாதத்தில் ஒருமுறை தன் வண்டியில் முதியவர்களை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவார். கூட்டத்துக்கு வந்ததே இல்லை. அவர் இல்லாமல் மூன்று பேருக்குச் சிகிச்சை நின்றிருக்கும்.

இன்னும் சில இடங்களில் இது ஆண்களின் சபை என்று நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அப்படித்தான், பெண்கள் 1856இல் இத்தாலியில் பொலோன்யா நகரில் தனியாக ஒரு சபை தொடங்கி நடத்தினார்கள். 1967இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. எங்கள் கிளையில் பெண்கள் வந்த பிறகுதான் பல வீடுகளின் கதவு உண்மையில் திறந்தது. தையல் மெஷின் விஷயத்தைக் கேட்டறிந்தவர் யார் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

எனக்கு இன்னும் வலிக்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒரு குடும்பத்தில் மகனுக்குக் குடிப்பழக்கம். தாயார் எங்களிடம் அழுது சொன்னதை நாங்கள் கூட்டத்தில், பெயரோடு, விவரமாகப் பேசினோம். பத்து நாளில் அது அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்களில் யாரோ ஒருவர் வீட்டில் சாதாரணமாகச் சொல்லியிருக்க வேண்டும், கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா கதவைத் திறக்கவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் திறக்கவில்லை. கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டோம். கடைசியில் பக்கத்துப் பங்கின் சபையிடம் சொல்லி, எங்கள் பெயரே வராமல் அவர்களை அங்கே போகச் சொன்னோம். இப்போது குறிப்பேட்டில் குடும்பங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பெயர்ப் பட்டியல் தலைவரிடம் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. கூட்டத்தில் உதவி முடிவெடுக்கத் தேவையானதை மட்டும் பேசுவோம், மற்றதைப் போய் வந்த இரண்டு பேரும் தங்களோடு வைத்துக்கொள்வார்கள்.

ஏமாற்றப்பட்டிருக்கிறோமா என்றால், ஆம். ஒரே மருந்துச் சீட்டை மூன்று இடத்தில் காட்டியவர் உண்டு. அப்படி ஒருவர் மாட்டியபோது கூட்டத்தில் பெரிய சண்டை, இனி யாருக்கும் விசாரிக்காமல் கொடுக்கக் கூடாது என்று கத்தினோம். அந்த வீட்டுக்கு வழக்கமாகப் போகும் இரண்டு பேர் மறுபடி போய் விசாரித்ததில், மற்ற இரண்டு இடத்தில் வாங்கிய பணம் வட்டிக்குப் போயிருந்தது தெரிந்தது. தவறு தவறுதான், நாங்கள் அதைச் சொன்னோம். அதோடு அந்தக் கடனை அடைக்க ஒரு வழியும் பேசினோம். தொடர்ந்து போய்க்கொண்டிருந்ததால்தான் இதெல்லாம் தெரிய வந்தது, வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்திருந்தால் அவர் ஒரு பொய்யர் என்பதோடு கதை முடிந்திருக்கும்.

தலைவர் பொறுப்பை விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. காலவரம்பு முடிந்ததும் விட்டுவிடுங்கள். என்னிடமிருந்து பொறுப்பை வாங்கியவருக்கு வயது 27, என் மகளைவிட இரண்டு வயது பெரியவர். முதல் சில மாதம் அவர் செய்ததெல்லாம் எனக்குத் தவறாகவே தெரிந்தது. பங்குத்தந்தைதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க கூட்டத்துல பேசுறதைக் கொஞ்ச நாள் குறைச்சுக்கிட்டா அவருக்கு உதவியா இருக்கும்" என்றார். குறைத்துக்கொண்டேன். ஓசானாமே முதல் தலைவர் இல்லை, தெரியுமா? முதல் தலைவர் அந்தப் பத்திரிகை ஆசிரியர் பாயிதான். ஓசானாம் 40 வயதில், 1853இல் இறந்தார். பொறுப்பு யாரிடம் இருந்தாலும் கடைசி வரை அவர் உறுப்பினராக இருந்தார்.

தொடங்க நினைப்பவர்களுக்கு நடைமுறை இதுதான்: முதலில் பங்குத்தந்தையிடம் பேசுங்கள், அவருடைய சம்மதமும் ஆன்மீக வழிகாட்டுதலும் வேண்டும். உங்கள் மறைமாவட்டத்திலுள்ள மத்திய சபையைத் தொடர்புகொள்ளுங்கள், அவர்கள் ஆளனுப்பி வழிகாட்டுவார்கள். சில காலம் ஒழுங்காக இயங்கிய பிறகு அவர்கள் மூலம் விண்ணப்பித்தால், பாரிஸிலுள்ள பன்னாட்டுத் தலைமைச் சபையிலிருந்து இணைப்புக் கடிதம் வரும். அதற்கெல்லாம் அவசரம் வேண்டாம். ஐந்து பேர் இருந்தால் போதும், இரண்டு குடும்பம் போதும், ஒரு நோட்டும் ஒரு துணிப் பையும் போதும். முதல் ஆறு மாதம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அந்த இரண்டு வீட்டுக்கும் போய் வாருங்கள்.

இந்த வாரம் எனக்கும் நான் புதிதாகக் கூட்டிப்போகும் கல்லூரி மாணவருக்கும் எண் 9. தனியாக இருக்கும் ஒரு பாட்டி. மாதாந்திர மருந்து போன வாரமே கொடுத்தாயிற்று, எடுத்துப்போக ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பேரனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதாம், கண் சரியாகத் தெரியவில்லை, வந்து வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். போன முறை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன்.